உது எங்கடை சுருதி இல்லை

என் அன்புக்குரிய குணம் அண்ணை,

தபால் ஒழுங்காக வராத ஊரில் இருந்துகொண்டு, தபாலே போகாத இடத்துக்கு எழுதுகிறேன். இது உங்கள் கைக்குக் கிடைக்காது என்று தெரியாத மடையன் அல்ல நான். ஆனாலும் உங்களைக் கேட்காமல் முடிவெடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. ராணி அக்கா சுருதிப்பெட்டியைத் திருப்பிக் கேட்கிறார்.

பெட்டி என்னிடம்தான் இருக்கிறது. சுன்னாகத்துக் கடையில், வெங்காய மூட்டைகளுக்கு மேலே, சாக்கால் மூடி வைத்திருக்கிறேன். நீங்கள் போன நாளிலிருந்து அதைத் தொடவில்லை. எலி கடிக்காமல் மட்டும் பார்த்துக்கொண்டேன்.

உங்களை முதலில் கண்டதும் இதே கடை வாசலில்தான், நினைவிருக்கிறதா? காங்கேசன்துறையிலிருந்து இடம்பெயர்ந்து, கிளாக்கர் வேலைச் சட்டையோடு, படுக்கை விரிப்பில் சுற்றிய வயலினோடு வந்து நின்றீர்கள். மழை வரப்போகிறது, ஒரு வெறுஞ்சாக்குத் தா என்று கேட்டீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.

"சமைக்கச் சட்டி கொண்டுவராமல் உந்த வயலினையே தூக்கிக்கொண்டு வந்தனீங்கள்?"

"சட்டி முகாமிலை தருவினம், தம்பி. உதை ஆர் தருவினம்?"

சாக்கைத் தந்தேன். பிறகு முகாம் முகாமாகப் போய் ஆட்களைத் தேடினீர்கள். தீவுப்பகுதியிலிருந்து தவிலோடு ஒருவர், எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கொழும்பில் வீடு எரிந்து ட்ரம்பெட்டோடு மட்டும் வந்த ஒருவர், தொப்புள் ஆழத்திலிருந்து குரல் எடுக்கும் பாட்டுக்காரர் கந்தையா என்று பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். சனம் உங்களை 'அகதி வாத்தியம்' என்றது. காலையில் வெங்காயம் ஏற்றிய என் லான்ட்மாஸ்டர் உழவு மிசின் பின்னேரம் உங்களை ஏற்றியது. தருமத்துக்குச் செய்தேன் என்று இப்போதும் சொல்லமாட்டேன். நாலு முகாமில் முகம் தெரிந்தால் நாலு ஊரில் வியாபாரம் நடக்கும். அது உங்களுக்கும் தெரியும், தெரிந்துதான் சிரித்தீர்கள்.

சண்டிலிப்பாய்ப் பள்ளிக்கூடத்தில் முதல் கச்சேரி. கந்தையாவின் குரலுக்கு ஒரு கட்டை என்கிற தாழ்ந்த சுருதி. பெட்டியின் துருத்தி அசைந்தது, 'ம்ம்ம்' என்று அது இரைந்தது, அவ்வளவுதான். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பங்கர்க் குழிக்குள் பாய்ந்துவிட்டார்கள். தூரத்தில் வருகிற பொம்பர் விமானத்துக்கும் அந்தப் பெட்டிக்கும் ஒரே குரல் என்று நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. வெறும் பாய்களுக்கு முன்னால் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்திருந்தீர்கள்.

நீங்கள் கோபிக்கவில்லை. "ஏத்துவம். ஐஞ்சு கட்டைக்குப் போவம்" என்றீர்கள். நான் ஓடிப்போய் லான்ட்மாஸ்டரை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, எந்தப் பக்கம் ஐந்து கட்டை என்று கேட்டேன். எங்கள் ஊரில் கட்டை என்றால் மைல். சுருதிக்கும் கட்டைக் கணக்கு உண்டென்று வெங்காயக்காரனுக்கு எப்படித் தெரியும்? தவில்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் சனம் ஒவ்வொன்றாகப் பங்கரிலிருந்து தலை நீட்டியது.

ஐந்து கட்டையில் பெட்டி தேனீயைப்போல மெலிதாகப் பாடியது. ஒருவரும் பயப்படவில்லை. ஆனால் அந்த உயரத்தில் கந்தையா கழுத்து நெரித்த சேவல். அப்போதுதான், அதுவரை தேங்காய் துருவும்போது மட்டும் பாடிய உங்கள் மனைவி ராணி அக்கா, "இவர் கத்துறதுக்கு நான் பாடலாம்" என்று முன்னுக்கு வந்தார். மூன்று வருடம் அந்தக் குரலைத்தான் வலிகாமம் முழுக்க நாங்கள் கொண்டு திரிந்தோம்.

சட்டம் ஒன்றுதான். ஐந்து கட்டைக்குக் கீழே பெட்டி இறங்கக்கூடாது. அப்படியென்றால் கீழே கேட்கிற எந்த இரைச்சலும் பொம்பர். நான் வெளியே மரத்தடியில், கட்டித் தூக்கிய தண்டவாளத் துண்டுக்குப் பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். கேட்டவுடன் அடிப்பேன். எத்தனை தரம் அடித்திருப்பேன்! ஒருவரும் சாகவில்லை.

நீங்கள் போன அந்தப் பின்னேரம் அக்காவுக்குக் காய்ச்சல். வகுப்பறைக்குள் படுத்திருந்தார். கந்தையாதான் பாடவேண்டும். என்னைப் பெற்ற ஐயாவுக்குப் பிடித்த தேவாரம் ஒன்றை அவருடைய சொந்தக் குரலில், ஒரு கட்டையில் கேட்கவேண்டும் என்று நான்தான் கேட்டேன். நீங்கள் தயங்கினீர்கள். "காலமை ஒருக்கா பொம்பர்க்காரன் வந்திட்டுப் போட்டான், அண்ணை. இண்டைக்கு இனி வரான்" என்றேன். சந்தை நிலவரம் சொல்வதைப்போலச் சொன்னேன். என் வாய் அப்படி. உங்களையும் நம்பவைத்தது.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்தச் சத்தம் எனக்கு நெடுநேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. இன்றைக்குச் சுருதி எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்று நினைத்து நான் கண்ணை மூடிக்கொண்டேன், அண்ணை. காவலுக்கு நின்றவன் கண்ணை மூடிக்கொண்டேன்.

நீங்கள் வில்லை எடுத்தீர்கள். தந்தியை முறுக்கிப் பார்த்தீர்கள். திரும்பவும் இழுத்துப் பார்த்தீர்கள். பிறகு எட்டிப் பெட்டியின் துருத்தியைப் பிடித்தீர்கள். பெட்டி நின்றது. சத்தம் நிற்கவில்லை.

"உது எங்கடை சுருதி இல்லை" என்றீர்கள்.

கத்தவில்லை. பக்கத்தில் வாசிக்கிறவருக்குச் சொல்வதைப்போலத்தான் சொன்னீர்கள். சனம் ஓடியது. கந்தையா கண்ணை மூடிப் பாட்டின் உச்சியில் நின்றார். நீங்கள் திரும்பிப் போய் அவரை இழுத்துவந்து பங்கருக்குள் தள்ளினீர்கள். வாசலில் ஒருவருக்குத்தான் நேரம் இருந்தது. எல்லாம் முடிந்த பிறகுதான் என் கை தண்டவாளத்தில் அடித்தது. அப்படி அடித்ததற்கு என்ன பெயர்?

சமாதானம் என்று சொன்ன அந்த நாலு மாதம் வானம் சும்மா கிடந்தது. இப்போது திரும்ப வரத் தொடங்கிவிட்டார்கள். மானிப்பாய்ப் பள்ளிக்கூடத்தில் புதிதாக வந்திருக்கிற சனம் கச்சேரி கேட்கிறதாம். போன கிழமை அக்கா கடைக்கு வந்தார். பெட்டியைத் தா, மிசினை எடு, நீயும் வா என்றார்.

என் காது செத்துவிட்டது என்றேன். மண்ணெண்ணெய் அடுப்பு இரைந்தாலும் எனக்குப் பொம்பர்தான். நானே ஓட்டுகிற லான்ட்மாஸ்டரில் இருந்துகொண்டே வானத்தைப் பார்க்கிறேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு கட்டை கேட்டது நான்தான் என்பதையும் சொல்லிவிட்டேன்.

அக்கா சாக்கால் மூடிய பெட்டியைப் பார்த்தார். "தெரியும். காய்ச்சலிலை கிடந்தாலும் காது கேட்டதுதானே" என்றார். அவ்வளவுதான். ஏசவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

அந்த நேரம் வாசலில் ஒரு மனிசி வெங்காயத்துக்கு வந்தார். நான் போய்த் தராசைத் தூக்கினேன். எனக்குப் பின்னால் அக்கா சாக்கை எடுத்துவிட்டுப் பெட்டியைத் திறந்திருக்கிறார். ஐந்து கட்டையில்தான். எனக்கு என்ன நடந்ததென்று தெரியாது. "படுங்கோ" என்று கத்திக் குழறிக்கொண்டு நிலத்தில் விழுந்தேன். தராசு ஒரு பக்கம், வெங்காயம் சந்தை முழுக்க. அந்த வரிசைக் கடைக்காரர் எல்லோரும் குப்புறப் படுத்துவிட்டார்கள். வாழைக்காய்க்காரர் கழிவுநீர்க் கானுக்குள் கிடந்தார். எழும்பி ஊத்தையைத் தட்டிக்கொண்டு, "வெங்காயக்காரனுக்கு விசர் முத்திப்போச்சு" என்றார்.

அக்கா சிரித்தார், அண்ணை. நீங்கள் போன பிறகு முதல் தரம். பிறகு சிரிப்பை நிறுத்திச் சொன்னார்.

"அண்டைக்குப் பொம்பரைச் சுருதி எண்டு நினைச்சாய். இண்டைக்குச் சுருதியைப் பொம்பர் எண்டு நினைச்சாய். இண்டைக்கு விட்ட பிழையிலை ஒருத்தரும் சாகேல்லை. பயப்பிடாதவனை நான் ஏன் காவலுக்கு வைக்கவேணும்?"

நியாயம் தெரிந்த பேச்சு. நான் குனிந்து சிதறின வெங்காயத்தைப் பொறுக்கத் தொடங்கினேன்.

ஞாயிறு பின்னேரம் மானிப்பாய். பயம் போய்விட்டது என்று உங்களுக்குப் பொய் எழுதமாட்டேன். இதை எழுதி முடிப்பதற்குள் இரண்டு தரம் எழும்பி வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டு தரமும் ஒன்றுமில்லை. மூன்றாம் தரமும் போவேன்.

உங்களுக்கு ஒரு சத்தியம் தருகிறேன். பெட்டி ஐந்து கட்டைக்குக் கீழே இறங்காது, யாருடைய ஐயாவுக்காகவும் இறங்காது. ஒரு வண்டு இரைந்தாலும் தண்டவாளத்தில் அடிப்பேன். சனம் ஏசட்டும், அக்காவின் பாட்டு நடுவில் அறுந்து போகட்டும். நீங்கள் மட்டும் கோபிக்காதேங்கோ.

தண்டவாளத்தடியில், இம்முறை கண் திறந்தபடி நிற்கப்போகும்
உங்கள் கூடப்பிறவாத தம்பி,
வெங்காயக்கடைச் சிவலிங்கம்