பாட்டில் நிற்கிறவள்

வெள்ளிக்கிழமை, இரவு.

என் வீட்டுக்காரரை இன்று டிவியில் பேட்டி எடுத்தார்கள். எல்லாரும் முணுமுணுக்கிற அந்தக் கடற்கரைப் பாட்டை யாரை நினைத்து எழுதினீர்கள் என்று கேட்டார்கள். ‘என் மனைவியைத்தான்’ என்றார், கண் இமைக்காமல். உடனே எங்கள் ஊர் நெடுங்காடே எனக்குப் போன் போட்டது. எதிர்வீட்டுச் செல்வி ஓடி வந்து, “குடுத்து வச்சவங்கக்கா நீங்க” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சிரித்து வைத்தேன்.

அந்தப் பாட்டு எங்கள் கல்யாணத்துக்கு முன்பே வந்துவிட்டது. அதை எழுதியபோது அவருக்கு என்னைத் தெரியவே தெரியாது. இதை ஒருத்தரும் யோசிக்கவில்லை. பாட்டில் ஒருத்தி அலையில் கால் நனைத்து நிற்கிறாள். என்னை இவர் ஒருநாளும் கடற்கரைக்குக் கூட்டிப்போனதில்லை. கேட்டால் வெயில் என்பார், கூட்டம் என்பார்.

சாயங்காலம் நானே பஸ் ஏறி காரைக்கால் கடற்கரைக்குப் போனேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவளைப் போலவே நின்று பார்த்தேன். அப்போதுதான் சென்னையிலிருந்து இவர் போன்.

“பேட்டி பாத்தியா? கோவமா?”

“கோவம் என்னங்க. நல்லாத்தான் சொன்னீங்க.”

“என்ன அங்க ஒரே சத்தமா இருக்கு?”

“ஃபேன் ஓடுதுங்க.”

“சரி, ஓடட்டும்” என்று போனை வைத்தார். அலைச் சத்தம் அவருக்கா தெரியாது?

காலில் உப்பு இன்னும் பிசுபிசுக்கிறது. கழுவ மனசில்லை. அப்படியே படுக்கிறேன்.