எத்தனை ஜூனின்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். பிரஸ்ஸில் நோட்டு பைண்டிங், ஸ்கூல் ஆர்டர். இடுப்பு வலி.

வீடு வந்ததும் பக்கத்து வீட்டுப் பேச்சி போனை நீட்டினாள். வாட்ஸ்அப் வீடியோ. வெளிநாட்டுப் பட்டாசுக் கம்பெனி வெடித்து ஒரே புகை. கீழே ஊர்ப் பெயர், ஜூனின்.

"அக்கா, அண்ணன் போயிருக்கிற ஊரு இதானே?"

அதேதான். வீட்டுக்காரர் போய்ப் பதினாறு நாள். இங்கே பார்த்த அதே பட்டாசு மருந்து கலக்கும் வேலை. எந்த நாடு என்று நான் கேட்டு வைக்கவில்லை. எல்லோரிடமும் "அமெரிக்கா" என்று பீற்றிக்கொண்டதோடு சரி. புத்தி கெட்டவள்.

அவர் போன் ஸ்விட்ச் ஆஃப். அவரை அனுப்பி வைத்த ஏஜென்ட் எடுக்கவில்லை. யா அல்லாஹ்.

ஜூன் 4, புதன்

லீவு. பால் பொங்கி வழிந்தது, பார்த்துக்கொண்டே நின்றேன்.

மகள் ரிஸ்வானா மேப்பில் தேடினாள். பெருவில் ஒரு ஜூனின். அர்ஜென்டினாவில் ஒன்று. ஈக்வடாரில், வெனிசுலாவில். அந்தப் பேரில் தெருக்கள் வேறு.

"இருநூறு வருஷம் முன்ன பெரு ஜூனின்ல நடந்த சண்டைம்மா. அந்தப் பேரைத்தான் மத்த ஊருக்கும் வச்சிருக்காங்க. அந்தச் சண்டையில ஒரு துப்பாக்கிகூட வெடிக்கலையாம். வாளும் ஈட்டியும்தான்."

வெடிக்காத சண்டைக்கு இத்தனை ஊரா? எரிச்சல்.

"அத்தா ஏரி இருக்குன்னாரேம்மா." பெருவிலும் ஏரி, அர்ஜென்டினாவிலும் ஏரி. குளிர் என்றார். இரண்டிலும் குளிராம்.

தெருப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஏழாயிரம்பண்ணைப் பட்டாசு ஆலையில் வெடித்தால் இப்படித்தான் செத்தவர் வீட்டில் போய் உட்காருவோம். எழுந்து போங்கடி என்று கத்த வேண்டும் போல இருந்தது.

சாயங்காலம் ஏஜென்ட் எடுத்தார். "வெடிச்சது பெருவுல. உங்க வீட்டுக்காரர் அர்ஜென்டினால இருக்காரு. ரெண்டு ஊருக்கும் ஆள் அனுப்புறது நாந்தான், எனக்குத் தெரியாதா? பயப்படாதீக."

அழுதேன். பேச்சியும் அழுதாள். பெருவில் வெடியில் சிக்கியது யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கவில்லை. இப்போதுதான் உறைக்கிறது. வெட்கம்.

ஜூன் 5, வியாழன்

மூட்டம், மழையில்லை. பிரஸ் போனேன்.

நாலரைக்கு அவர் போன். சார்ஜர் கெட்டுவிட்டதாம். சிரித்தேன், திட்டினேன், மறுபடி சிரித்தேன்.

"ஏஜென்ட் பேசினாரு," என்றார். "அங்கன மருந்து கலக்க இப்ப ஆளில்லையாம்."

"எங்கன?"

"பெருவுல. வெடிச்ச அதே கம்பெனிதான். மத்த ஷெட்டெல்லாம் நல்லாத்தான் இருக்காம்."

தெரியாதா எனக்கு? இங்கேயும் ஒரு ரூம் வெடித்தால் அடுத்த வாரமே வேறு யூனிட்டிலிருந்து ஆள் கூட்டி வருவார்கள். ஆளும் வரும்.

"என்ன சொன்னீக?"

"நாளைக்கு பிளேன்."