உங்கள் அளவுக்குச் செய்த நாற்காலி

பாய்,

மத்தியான வெயில் மேற்கே சாயும்போது எங்கள் மந்தைவெளி வீட்டு ஹாலுக்குள் வந்துவிடும். ஜன்னலை ஒட்டி நிற்கிற நாற்காலியின் மெரூன் ரெக்சின் சூடாகும். சூடானதும் அதிலிருந்து உங்கள் தைல வாசனை கிளம்பும். இன்றைக்கும் கிளம்பியது. சாப்பிட்டுவிட்டுத் தரையில் படுத்திருந்த நான் கண்ணைத் திறக்காமலே, "வாங்க பாய்" என்று சொல்லிவிட்டேன்.

சமையலறையிலிருந்து என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "யாரு வந்துகீறாங்க?"

"யாருமில்ல, நீ வேலையப் பாரு."

அவள் நம்பினாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் துணி எடுக்க பால்கனிக்குப் போனவள் அந்த நாற்காலியை ஒட்டி நடக்காமல் நாலடி சுற்றிப் போனாள். காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் ஒருவரின் காலை மிதித்துவிடாமல் போவதுபோல. அதைப் பார்த்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. எழுந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுத்து ஒட்டியே காலம் தள்ளியவன் நான். நாலு எழுத்து, ஆறு எண்ணுக்கு மேல் ஒரே மூச்சில் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராயப்பேட்டையில் என் ஸ்டிக்கர் கடையும் உங்கள் சீட் கவர் கடையும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. என் மகள் கயல் தரமணிப் பக்கம் டிசைன் காலேஜில் சேர்ந்தபோது, "இன்னா நைனா, கோலம் போட நாலு வருஷமா?" என்று நீங்கள் கேட்டீர்கள். எனக்கும் அதே சந்தேகம்தான். வெளியே சொல்லவில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு உங்களைத் துணைக்கு இழுத்துக்கொண்டு போனேன். இங்கிலீஷில் ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று ஒரே பயம். பறக்கும் ரயிலில் நீங்கள் தைரியம் சொன்னீர்கள்: "ஒருத்தன் முழிச்சாதான் நைனா அசிங்கம். ரெண்டு பேரா முழிச்சா அது மீட்டிங்கு."

அங்கே ஒரு மேடம் தமிழிலேயே எல்லாம் சொன்னார். எண்பது சதவீதம் வருகை வேண்டும். தியரி பாடத்தில் இரண்டு அரியர் வரை வைத்துக்கொண்டு அடுத்த வருஷத்துக்குப் போகலாம். ஸ்டூடியோ பாடத்தில் தேறாவிட்டால் மேலே ஏற்ற மாட்டார்கள், அதே வருஷத்தை மறுபடி படிக்க வேண்டும். கடைசி வருஷம் ஒரு பெரிய ப்ராஜெக்ட். உண்மையான ஒரு ஆளைப் பிடித்து, அவருக்குத் தேவையான ஒரு பொருளைச் செய்து கொடுத்து, அவர் அதை ஒரு மாதமாவது பயன்படுத்துவதைப் பதிவு செய்ய வேண்டும். அதன்பின் வெளியிலிருந்து வருகிற நிபுணர்கள் முன்னால் ஜூரி. அதில் தேறினால்தான் பட்டம்.

எல்லாரும் தலையாட்டினார்கள். நீங்கள் கையைத் தூக்கினீர்கள்.

"மேடம், அந்த ஆளு பாதில பூட்டான்னா?"

ஹால் முழுக்கச் சிரிப்பு. மேடமும் சிரித்தார். "இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்ல சார்" என்றார். கேள்விக்குப் பதில் மட்டும் சொல்லவில்லை. நான் உங்கள் தொடையில் கிள்ளினேன். இப்போது நினைத்தால் கிள்ளிய விரல் சில்லென்று ஆகிறது.

கயல் மூன்றாம் வருஷத்தில் இருக்கும்போது உங்களுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் போயின. பேச்சு போகவில்லை, கிண்டலும் போகவில்லை. போனது இன்னொன்று. யார் பார்க்க வந்தாலும் நீங்கள் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசைய மாட்டீர்கள். இரண்டு மணி நேரம் இருந்தாலும் சரி. நான் கிளம்பினால் வாசல்வரை வருகிற மனுஷன், "போய்ட்டு வா நைனா" என்று இருந்தபடியே சொல்லிவிடுவீர்கள். உங்களை எழுப்பி நிறுத்துவது உங்கள் வீட்டம்மா ஒருவர்தான், அதுவும் திரையை இழுத்துவிட்ட பிறகு. அதை வேறு யாரும் பார்த்ததில்லை. நீங்கள் பார்க்க விடவில்லை.

அதைக் கண்டுபிடித்தவள் கயல்தான். "அப்பா, மாமாவுக்குக் கால் பிரச்சினை இல்ல. எழுந்திருக்கிறதை யாராவது பார்த்துடுவாங்கன்றதுதான் பிரச்சினை" என்றாள். அவளுடைய கடைசி வருஷ ஆள் நீங்கள்தான் என்று முடிவாயிற்று. முழங்கால் உயரம், முழங்கை உயரம், முதுகு வளைவு, சரிந்த இடது தோள் என்று உங்களை அங்குலம் அங்குலமாக அளந்தாள். "கப்ரு தோண்டறவன்கூட இவ்ளோ அளக்க மாட்டான் பாப்பா" என்று நீங்கள் சொல்ல, உங்கள் வீட்டம்மா உள்ளேயிருந்து கத்தினார்.

நாற்காலி வந்தது. ரெக்சின் உங்கள் கடைச் சரக்கு. சீட்டுக்கு அடியில் கார் டிக்கியைத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி இரண்டு ராடு. முன்னால் சாய்ந்து வலது கைப்பிடியை அழுத்தினால் சீட்டு மெதுவாகத் தூக்கிக் கொடுக்கும். எழுந்த பிறகு உஸ்ஸென்று மூச்சு விட்டபடி தானே இறங்கும். உங்களுக்கு அது பிடித்துப்போயிற்று. ஆனால் ஒரு நிபந்தனை போட்டீர்கள்: "எழுந்திருக்கறத வீடியோ எடுக்காத பாப்பா. நின்னப்புறம் எடு." அவளும் சரி என்று திரைக்கு வெளியே காத்திருப்பாள். நீங்கள் நிற்கிற படம் நிறைய இருக்கிறது. எழுகிற படம் ஒன்றுகூட இல்லை.

மாதத்தில் பாதிகூட ஆகவில்லை. பக்கவாதம் இரண்டாவது தடவை வந்தது. ஆட்டோவிலேயே முடிந்துவிட்டது. நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

பாய், நீங்கள் கூட்டத்தில் கேட்டீர்களே, அந்தக் கேள்விக்குக் காலேஜ் இப்போது பதில் சொல்ல வேண்டியதாயிற்று. கயலின் கைடு நல்ல மனுஷிதான். ஆனாலும் விதி விதிதான். புது ஆளைப் பிடித்தால் அளவிலிருந்து எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும், ஒரு வருஷம் போய்விடும், ஜூனியர்களோடு சேர்ந்துதான் பட்டம் வாங்க முடியும். இல்லையென்றால் உங்கள் உடல்வாகுள்ள ஒருவர் உங்களுக்குப் பதிலாக உட்கார்ந்து மீதி நாட்களை முடிக்கலாம். மறைக்கக் கூடாது, பதில் ஆள் என்று எழுதியே காட்ட வேண்டும். இந்தப் படிப்பில் அப்படி ஒரு முறை இருக்கிறதாம். கண் மங்கியவர்களுக்கு ஏதாவது செய்கிறவர்கள் கண்ணாடியில் வாஸ்லைன் தடவிப் போட்டுக்கொண்டு நடந்து பார்ப்பார்களாம்.

உங்கள் உயரமும் உங்கள் தொப்பையும் உள்ள ஆளை ஊரெல்லாம் தேட வேண்டியிருக்கவில்லை. கயல் என்னைப் பார்த்தாள். அதோடு சரி.

நாற்காலி எங்கள் வீட்டு ஹாலுக்கு வந்தது. சாயங்காலம் நான் கடையிலிருந்து வந்ததும் கயல் என் இடது கையை உடம்போடு சேர்த்துக் கட்டுவாள். முழங்கால் மடங்காமல் பட்டை வைப்பாள். கணுக்காலில் மணல் மூட்டை. "பெத்தவனைக் கட்டிப் போட்டாதான் பாஸுன்னு ரூல்ஸ்லயே இருக்கா?" என்று கேட்டேன். "ஆமா, இதுக்கு எண்பது பர்சென்ட் அட்டெண்டன்ஸ் வேற வேணும்" என்றாள்.

முதல் சில நாள் முதுகு வலித்தது. உங்கள் கூன் உட்கார வேண்டிய பள்ளத்தில் என் முதுகு நிற்கவில்லை. பிறகு ஒருநாள் வலி இல்லை. நாற்காலி எனக்கு வளைந்துகொடுத்ததா, நான் நாற்காலிக்கு வளைந்துகொடுத்தேனா, தெரியவில்லை. உட்கார்ந்தால் என் வலது கட்டைவிரல் கைப்பிடியின் தையல்மேல் தானாக ஓடிப் பார்க்கும். தையல் பார்ப்பது என் தொழிலா? ஒருமுறை, "பாப்பா, தண்ணி குடு" என்றேன். எழுதிக்கொண்டிருந்த கயலின் பேனா நின்றது. பிறந்ததிலிருந்து நான் அவளைக் 'கயலு' என்றுதான் கூப்பிட்டு வருகிறேன். எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது. நான் எழுகிற விதமும் நீங்கள் எழுந்த விதமும் ஒன்றா? அதைச் சொல்லக்கூடியவர் உங்கள் வீட்டம்மா ஒருவர்தான். அவர் உங்களுக்காக நாலு மாதம் பத்து நாள் இத்தாவில், வெளியே வராமல் வீட்டோடு இருந்தார். அதனால் நான் எழுவதைக் கயல் பின்பக்கமிருந்து வீடியோ எடுத்து அவருக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அவரிடமிருந்து போன் வந்தது. கயல் ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாப்பா, வேணாம்னு அவுரு சொல்லியும் எடுத்துட்டியா?"

"இல்ல மாமி. அது மாமா இல்ல. அப்பா."

"உங்கப்பாவா?" என்றார். "அப்ப 'வாடா துரை'ன்னு சொல்றது யாரு?"

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவரே சொன்னார். வராத இடது காலுக்கு நீங்கள் துரை என்று பேர் வைத்திருந்தீர்களாம். வேலை செய்யாமல் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறவனாம். ஒவ்வொரு தடவை எழும்போதும் அவனைக் கூப்பிடுவீர்களாம், முணுமுணுப்பாக, திரைக்குள்ளே. "அது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்" என்றார்.

போனை வைத்தபின் வீடியோவை மறுபடி போட்டோம். மின்விசிறிச் சத்தத்துக்கு அடியில், என் குரலில், நான் சொன்னதாக எனக்கே நினைவில்லாத அந்த இரண்டு வார்த்தையும் இருந்தன. எப்போதாவது உங்கள் வீட்டில் திரைக்கு வெளியே நின்றபோது என் காதில் விழுந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். பகலில் அதை நம்ப முடிகிறது.

"அப்பா, போதும். நிறுத்திடலாம்" என்றாள் கயல். "ஒரு வருஷம் போனா போகட்டும்."

எனக்கும் பயம்தான். ஆனால் நாலு வருஷம் அவள் கண் விழித்ததும், உங்களை அளந்ததும் வீணாகக் கூடாது. "நான் உட்காருறேன். என்ன, கூட ஒரு ஆளு உட்கார்ந்தா ஒடஞ்சுடுமா உன் நாற்காலி?" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

ஜூரி அன்று நல்ல வெளிச்சம். பெரிய கூடம், வெள்ளைச் சுவர், நடுவில் நாற்காலி. மூன்று பேர் வந்திருந்தார்கள். கயல் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்: இது படத்தில் இருக்கிற இவருக்காகச் செய்தது, அவர் இறந்துவிட்டார், தொடக்கப் பதிவு அவருடையது, மீதி என் அப்பாவுடையது. மூவரில் மூத்த அம்மாள் கட்டும் மூட்டையும் வேண்டாம் என்றார். "சும்மா உட்கார்ந்து எழுந்திருங்க சார். மெக்கானிசம் மட்டும் பார்க்கணும்."

உட்கார்ந்தேன். முன்னால் சாய்ந்தேன். வலது கை அழுத்தியது. சீட்டு தூக்கியது. இடது கால் வரவில்லை.

கட்டு இல்லை, பட்டை இல்லை, மணல் இல்லை. கால் தரையில் செருப்போடு செருப்பாகக் கிடந்தது. பாதி எழுந்த நிலையில் அத்தனை பேர் முன்னால் நின்றேன். எதை யாரும் பார்க்கக் கூடாது என்று நீங்கள் திரை போட்டீர்களோ, அதை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்கம் என்றால் என்னவென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது பாய். அதுவும் உங்களுடைய வெட்கம்.

"நடிக்க வேணாம் சார்" என்றார் அந்த அம்மாள்.

"நடிக்கல மேடம்."

கயல் முகம் வெளுத்திருந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. குனிந்து, உதடு அசையாமல் கூப்பிட்டேன். கால் வந்தது. நின்றேன். என் பின்னால் நாற்காலி உஸ்ஸென்று இறங்கியது.

அந்த அம்மாள் வந்து தானே உட்கார்ந்தார். உங்களைவிட ஒரு சாண் குட்டை, பாதி எடை. எழுந்தார். எழுந்த பிறகும் அவருடைய இடது கை உங்களுடையதைப் போலவே மடங்கி, விரல்கள் சுருண்டு இருந்தன. அதை வலது கையால் எடுத்துக் கீழே விட்டார்.

"அவரை நான் பார்த்ததில்லம்மா. ஆனா எப்படி உட்காருவார்னு இப்ப தெரியுது" என்றார் கயலிடம்.

தேறிவிட்டாள். உங்கள் வீட்டம்மாவுக்குச் சொன்னபோது அழுதார். நாற்காலியைக் கொண்டுவந்து தரட்டுமா என்று கயல் கேட்டாள். "இங்க வேணாம் பாப்பா. அங்கயே இருக்கட்டும். அவுரு நைனா வூட்டுக்குப் போய்க்கீறாருன்னு நெனச்சுக்கறேன்" என்றாராம்.

வருகிற வாரம் பட்டமளிப்பு. சட்டை தைக்க மயிலாப்பூரில் என் பழைய தையற்காரரிடம் போனேன். டேப்பை என் தோளில் போட்டவர், எடுத்தார், மறுபடி போட்டார். பழைய அளவைப் புரட்டிப் பார்த்தார்.

"சார், இடது தோள் நல்லா எறங்கிக்கினு கீதே. எப்பலேர்ந்து? உள்ள பட்டை வெச்சு நேராக் காட்டிடவா?"

"வேணாம். இருக்கற மாதிரியே தைங்க" என்றேன்.

காலேஜில் ஒரு மாணவருக்கு இரண்டு பேர்தான் வரலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு பாஸில் என் வீட்டுக்காரி. இன்னொன்றில் போவது யார் என்று, அந்தச் சட்டை வந்து போட்டுப் பார்த்தால்தான் தெரியும் பாய்.