தௌனோவும் நவம்பர்க் குயிலும்

நவம்பர் 5

குழாய் வெடித்து எங்கள் மூன்றாம் மாடியே குளமாகிவிட்டது. வீடு காயும்வரை காப்பீட்டு நிறுவனம் எங்கள் மாடிக்காரர்களைத் தம்பெரே நகர நடுவில் ஓர் ஓட்டலில் போட்டிருக்கிறது. காடு மாதிரி கட்டினார்களாம்! சுவரெல்லாம் பாசி, வரவேற்பறையில் நட்டுவைத்த பிர்ச் மரத்தண்டுகள், ஒலிபெருக்கியில் குயில். நிஜக் காடு பஸ்ஸில் இருபது நிமிடம்.

அதுகூடப் பரவாயில்லை. எதிர் அறையில் யார்? தௌனோ! பக்கத்து வீட்டுக்காரர். பதினோரு வருடமாகப் பேச்சு கிடையாது. ‘காலையில் கம்பளத்தைத் தூசி தட்டுகிறவர்களுக்கு வெட்கமே இல்லை’ என்று பெயர் போடாமல் படிக்கட்டில் சீட்டு ஒட்டிய மகாராஜா.

கம்பளம் தட்டியது நான்தான்.

நவம்பர் 6

காலைச் சாப்பாட்டில் அவர் குரல்தான். முப்பது வருடம் வனத்துறையில் இருந்தவர் இல்லையா. வரவேற்பில் இருக்கும் மில்யாவைப் பிடித்துக்கொண்டார். “ஏம்மா, நவம்பர்ல எந்தக் குயில் கூவும்? அது ஆப்பிரிக்கா போய் மாசக்கணக்காச்சு!”

பாவம், அவள் ஒலிபெருக்கியையே நிறுத்திவிட்டாள்.

நவம்பர் 7

கைகளைக் குவித்து ஊதினால் எனக்குக் குயில் குரல் வரும். சின்ன வயதுப் பழக்கம். இன்று பிர்ச் மரங்களுக்குப் பின்னால் நின்று ஒரே ஒரு தடவைதான் ஊதினேன். தௌனோவின் கரண்டி கஞ்சிக்குள் விழுந்தது.

“மறுபடியும் அதைப் போட்டுட்டியா?”

“இல்லைங்க, ஒயரையே பிடுங்கிட்டேன்,” என்றாள் மில்யா, ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே.

அறைக்கு ஓடித் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன். வயது அறுபத்தெட்டு.

நவம்பர் 8

மூன்று தடவை. லிஃப்ட் வாசலில், மாடிப்படியில், அப்புறம் அவர் தனியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது.

நவம்பர் 10

தௌனோ சாப்பிட வரவில்லை. நேற்றும் வரவில்லை.

நவம்பர் 11

மில்யா காதோடு சொன்னாள்: “ஞாபகமறதிக்குப் பார்க்கிற டாக்டர் யாருன்னு கேட்டார். அவங்க அண்ணனுக்கும் இல்லாத சத்தம் கேட்டுத்தான் மறதி ஆரம்பிச்சுதாம்.”

ஐயோ. என்ன காரியம் பண்ணித் தொலைச்சிருக்கேன்! ஒரு சீட்டுக்கு இதுவா பழி? நான்தான் என்று சொன்னால் ஜென்மத்துக்கும் பேசமாட்டார் — இப்ப மட்டும் பேசறாரா என்ன?

நவம்பர் 12

கதவைத் தட்டினேன். சவரம் செய்யாத முகம். டாக்டரிடம் கிளம்பக் கோட் மாட்டியிருந்தார். கைகளைக் குவித்து ஊதினேன்.

அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

“ஐலி... நீயா?”

“எல்லாத் தடவையும் நான்தான்.”

“மகளுக்கு லெட்டர் எழுதி வச்சிட்டேன். அவ பேரு மறக்கறதுக்குள்ளன்னு.”

மேசையில் உறை இருந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

பிறகு திட்டினார். பதினோரு வருடத்துக்கும் சேர்த்துத் திட்டினார். நின்று கேட்டுக்கொண்டேன். மூச்சு வாங்க நிறுத்தியவர், “ரெண்டாவது சத்தம் இன்னும் இறங்கணும். குயில்கூட உனக்கு ஒழுங்கா வரல,” என்றார்.

“அதை நம்பி டாக்டரைத் தேடினது யாராம்?” — வாய் சும்மா இருந்தால்தானே!

அவர் தோள் குலுங்கியது. பயந்துபோய்க் குனிந்து பார்த்தேன். சிரிப்பு.

நவம்பர் 15

தௌனோ ஆந்தை, நான் குயில். ஸ்வீடன்காரத் தம்பதி அரைமணி நேரம் பாசிச்சுவரைத் துழாவினார்கள். மில்யா எங்களைப் பார்த்து விரலை ஆட்டினாள்.

நவம்பர் 18

குடியிருப்பு மேலாளர் ஃபோன் செய்தார். வீடு தயாராம், வியாழக்கிழமையே வரலாமாம்.

“என் வீட்டுச் சுவர் இன்னும் ஈரமா இருக்கே,” என்றேன். நான் போய்ப் பார்க்கவேயில்லை.

எதிரே காப்பி குடித்துக்கொண்டிருந்த தௌனோ என் கையிலிருந்து ஃபோனை வாங்கினார்.

“என் வீடு அதைவிட மோசம்.”