வெல்வெட் பெட்டி அழைப்பிதழ்

வளப்பூர் நாடு,
ஞாயிறு மதியம்

அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன். எடுத்திருந்தாலும் இதைச் சிரிக்காமல் சொல்லியிருக்க மாட்டேன்!

உன் நிக்காஹ் அழைப்பிதழை நேற்று முதலில் வேலப்பனுக்குத்தான் கொடுத்தேன். போன மாதம் நான் பிரசவம் பார்த்த பசுவின் சொந்தக்காரர். வெல்வெட் பெட்டியைப் பார்த்ததும் பலகாரம் என்று நினைத்து, மிளகு காயவைத்துக்கொண்டிருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டுவிட்டார். எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றார்கள். திறந்தார். அட்டையைத் தூக்கி அடியில் தடவினார். பெட்டியைக் கவிழ்த்தும் பார்த்தார்.

"ஏனுங்க டாக்டரு, உள்ள உங்க பேருதானுங்க இருக்குது!"

உண்மைதாம்மா. என் பெயருக்கும் பட்டங்களுக்கும் நடுவே உன் பெயரைத் தேட வேண்டியிருந்தது. நபிகள் நாயகம் (ஸல்) தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்டதைச் சிறுவயதில் உனக்குச் சொல்லித்தந்தவன் நான். நிக்காஹுக்குப் பள்ளிவாசலும் பேரீச்சம்பழமும் போதும் என்று நீ சொன்ன அன்று கத்தியவனும் நானே.

பதிவு செய்திருந்த மண்டபம் வேண்டாமென்று இன்று காலையிலேயே சொல்லிவிட்டேன்! மீதிப் பெட்டிகளை வேலப்பன் மனைவி ராசம்மாள் விதை போட்டுவைக்க வாங்கிக்கொண்டார். வேலப்பனை வாயாலேயே மறுபடி அழைத்தேன். "பலாப்பழத்தோட வாரேனுங்க" என்றார்.

உன்னிடமும் ஒன்றை வாயால்தான் சொல்ல வேண்டும். போனை எடு, கண்ணு.

இப்படிக்கு,
பட்டம் எதுவும் இல்லாத
உன் அத்தா