மூன்று தவளைகள்

வாத்தியாருக்கு,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடுபண்ணிச் சாப்பிடுங்கள். நான் சாப்பிடாமலே கிளம்புகிறேன்.

நீங்கள் வகுப்பைக் குளத்துக்குக் கூட்டிப்போனது, பிள்ளைகள் கண்ணால் கண்டதை எழுதத்தான். நீங்களோ, தப்பு வந்துவிடக் கூடாதென்று முந்தின நாளே பதிலைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டீர்கள்! குளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. நோட்டுகளில் மட்டும் 'மூன்று தவளைகள் நீந்தின.' நான் நடத்திய ஆசிரியர் பயிற்சியில் முன்வரிசையில் உட்கார்ந்து மாடு மாதிரி தலையாட்டினீர்களே, அது எதற்கு?

நம் மகள் ஒருத்திதான் 'தண்ணீர் இல்லை, சேற்றில் கொக்கின் கால்தடம் இருந்தது' என்று எழுதினாள். அதற்குச் சிவப்பில் தப்புப் போட்டிருக்கிறீர்கள். காலையில் பார்த்தால், உட்கார்ந்து தான் எழுதியதை அழித்துக்கொண்டிருக்கிறாள். "அப்பா சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்கிறாள். அழித்து அழித்துத் தாளே கிழிந்துவிட்டது. போய்ப் பாருங்கள்.

நான் இன்று பயிற்சி நடத்த வேறு பள்ளிக்குப் போகிறேன், வர ஏழு மணியாகும். சாவி செருப்பு அலமாரி மேல் இருக்கிறது. சாயங்காலம் அவளைக் குளத்துக்குக் கூட்டிப்போங்கள்.

பி.கு.: சிவப்புப் பேனாவைத் தேட வேண்டாம், என் பையில் இருக்கிறது. உங்களுக்கு ஒரு பென்சில் சீவி வைத்திருக்கிறேன். அவள் பார்த்துச் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள்.