ஆயுத பூஜைக்கு ஒரு கிலோ

ஆகஸ்ட் 21, 2008, வியாழன்

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. இன்றும் கேட்டில் செக்யூரிட்டி நிறுத்தினார். "எந்த டிபார்ட்மெண்ட் மேடம்?" மக்கள் தொடர்பு என்றேன். கொஞ்சம் யோசித்தார். "அப்ப வெளியாளுங்க ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க." எங்கள் துறைக்கு இத்தனை சுருக்கமான விளக்கத்தைப் பேராசிரியர்கூடச் சொன்னதில்லை.

எம்.ஏ. மக்கள் தொடர்பியல் சேர்ந்த அன்று, படித்தால் எங்கெல்லாம் போகலாம் என்று பலகை நிறைய எழுதினார்கள்: அரசுத் துறை, விளம்பர நிறுவனம், மருத்துவமனை, பெருந்தொழிற்சாலை. வகுப்பில் பாதிப் பேர் இப்போது கால் சென்டரில். ஒருவன் ராயக்கோட்டையில் அப்பாவின் தக்காளி மண்டியில். எங்களில் உண்மையாகவே மக்களோடு தொடர்பில் இருப்பவன் அவன்தான். பெருந்தொழிற்சாலைக்கு வந்தது நான் ஒருத்தி. அதுவும் அத்தான் சொல்லி வைத்ததால்.

அத்தான் பாஸ்கரன் இதே கம்பெனியில் கியர் வெட்டும் லைனில் இருக்கிறார், ஒன்பது வருடமாக, நிரந்தரம். நான் அக்கா வீட்டில் ஹாலில் படுக்கிறேன், தகுதிகாண் காலம். டிசம்பரில் என்னை நிரந்தரமாக்கலாம். அல்லது சொந்த ஊருக்கு, கோவில்பட்டிக்குப் பஸ் ஏற்றிவிடலாம்.

செப்டம்பர் 16, செவ்வாய்

அமெரிக்காவில் ஒரு பெரிய பாங்க் விழுந்துவிட்டதாம். கேண்டீன் டிவியில் காட்டினார்கள். சாம்பார் வரிசை அசையவில்லை.

ஆனால் சனிக்கிழமை ஷிஃப்ட் நின்றுவிட்டது. இரவுச் சாப்பாட்டுக்கு அத்தானின் லைன் ஆள் முனிசாமி வந்திருந்தார். கெலமங்கலத்துக்காரர், நம்மிடம் தமிழ், போனில் தெலுங்கு, சூப்பர்வைசரைத் திட்டக் கன்னடம். அத்திப்பள்ளியில் ஒரு சின்னக் கம்பெனியில் இரண்டு பேர் கேட்கிறார்களாம், தீபாவளிக்குள் சேர வேண்டும்.

"போயிரலாம்பா பாஸ்கரு. இங்க வண்டி ஓடாது."

"ஒம்பது வருஷத்த விட்டுட்டு, அங்க போயி முதல்லருந்தாவே? ஆயுத பூஜை வரட்டும். பாக்ஸத் தூக்கிப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

ஓசூரில் கம்பெனியின் ஆண்டறிக்கையை யாரும் படிப்பதில்லை. ஆயுத பூஜை ஸ்வீட் பாக்ஸைக் கையில் வாங்கி எடை பார்ப்பார்கள். ஒரு கிலோ என்றால் கம்பெனி நிற்கும். அரைக் கிலோ என்றால் வேறு வேலை தேட வேண்டும். வெறும் பொரி என்றால் தேடவும் நேரமில்லை.

செப்டம்பர் 24, புதன்

பூஜை ஏற்பாட்டுக் கூட்டம். செலவைக் குறைக்க அரைக் கிலோ என்று முடிவாகியிருந்தது. மேலாளர் ஹரீஷ்குமார், "எனி சஜஷன்ஸ்?" என்று கேட்டார். மூன்று மாதமாக என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்டவுடன் வாய் திறந்துவிட்டது. பாக்ஸின் எடையை ஆட்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று விளக்கினேன். வகுப்பில் இதற்குப் 'பெறுநரின் சமிக்ஞை முறை' என்று பெயர்.

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எக்ஸலண்ட். ஒரு கிலோ கொடுத்திடலாம். கூட ஒரு டிபன் கேரியரும். யாரும் பயப்பட மாட்டாங்க."

"சார், ஆர்டர் நிலைமை நிஜமாவே எப்படி இருக்கு?"

"அதைக் கேக்கறது உன் வேலை இல்லம்மா. அவங்க கேக்காம பாத்துக்கறதுதான் உன் வேலை."

நிர்வாகம் உண்மையைச் சொல்லும்வரை நீ எதையும் வெளியே சொல்லாதே என்பது பாடத்தின் முதல் விதி. தேர்வில் நன்றாக எழுதியிருந்தேன்.

செப்டம்பர் 25

தூக்கம் வரவில்லை. பாராட்டு வாங்கியதால் என்று வைத்துக்கொள்வோம்.

அக்டோபர் 7, செவ்வாய்

நாளை விடுமுறை என்பதால் இன்றே பூஜை. மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. ஆர்டர் இல்லாமல் மூன்று வாரமாக நிற்கும் மெஷினுக்குத்தான் பெரிய மாலை. பூசணிக்காய் உடைத்தார்கள். குடும்பங்கள் வந்திருந்தன. அக்கா பட்டுப்புடவையில் வந்து அத்தானின் மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பாக்ஸ் கைக்கு வந்ததும் அத்தான் திறக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை ஏற்றி இறக்கினார். முகம் தெளிந்தது. சுற்றிலும் எல்லோரும் அதையே செய்துகொண்டிருந்தார்கள். ஷெட் முழுக்கக் கைகள் ஏறி இறங்கின.

என் வாழ்வில் நான் எழுதாமலேயே வெளியிட்ட முதல் அறிக்கை. ஒருவர்கூட மறுப்புத் தெரிவிக்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்று சொல்லிவிட்டேன். அக்கா கோயிலுக்குப் போயிருந்தாள்.

"அத்தான், அத்திப்பள்ளிக்குப் போயிருங்க."

"ஏன் பிள்ள, உள்ள என்னமும் பேசிக்கிடுதாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. அதான் பயமா இருக்கு."

சிரித்தார். "சொல்லலன்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். கடைய மூடுதவன் எவனாவது ஒரு கிலோ போடுவானா? கூட கேரியர் வேற."

"அந்த ஒரு கிலோவே நான் சொன்ன யோசனைதான் அத்தான். அரைக் கிலோதான் போட இருந்தாங்க. யாரும் பயப்படக் கூடாதுன்னு மாத்துனாங்க."

அலமாரியில் இருந்த கேரியரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரிப்பு இன்னும் பெரிதானது. "நீ சொல்லி முதலாளி கேட்டாராக்கும்! சேந்து நாலு மாசம் ஆகல, வாயப் பாரு இதுக்கு!" அக்கா வந்ததும் அவளிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கொஞ்சம் பெருமையும் இருந்தது என்று நினைக்கிறேன்.

இனி என்ன செய்ய முடியும்? நான் சொன்னது பொய்யாம், நான் கொடுக்கச் சொன்னது உண்மையாம். படித்த படிப்பு வீண் போகவில்லை.

அக்டோபர் 13

அத்திப்பள்ளிக்கு வரவில்லை என்று முனிசாமியிடம் அத்தான் போனில் சொல்லிவிட்டார். அவர் மட்டும் போகிறார். அவர் போகக் காரணம் தொலைநோக்கு எல்லாம் இல்லை. கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காக சூப்பர்வைசரோடு சண்டை.

நவம்பர் 18, செவ்வாய்

கியர் லைனை மூடுகிறார்கள். ஹரீஷ்குமார் அழைத்து, 'விருப்ப ஓய்வுத் திட்டம்' என்று நோட்டீஸ் எழுதச் சொன்னார். விருப்பம் யாருடையது என்று கேட்கவில்லை. கேட்பது என் வேலை இல்லை என்பது நினைவிருக்கிறது. 'மூடல்' என்ற சொல் வரக் கூடாது. 'காலத்தின் தேவைக்கேற்ற மறுசீரமைப்பு' என்று எழுதினேன். தெரியாது என்று யாரும் பிறகு சொல்லக் கூடாதாம், அதனால் கன்னடத்திலும் தெலுங்கிலும் ஒட்டினோம். மூன்று மொழியிலும் தெளிவாக ஒன்றும் புரியவில்லை.

நவம்பர் 19

அக்கா கேட்டாள். "நீ எழுதுனதாடி அது?"

என்னத்தச் சொல்ல. ஆமான்னு சொன்னேன். தட்டை அப்படியே வச்சிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அழுவான்னு பாத்தேன், அழல. பாத்திரம் தேச்சா. தேச்சதையே திரும்பத் தேச்சா. அத்தான்தான், "அவ மேல ஏன் கோவப்படுத? பிள்ள அன்னைக்கே சொல்லிச்சே, நாந்தான கேக்கல"ன்னு சொல்லுதாரு. இதுக்கு அவரு என்னய நாலு அறை விட்டுருக்கலாம்.

டிசம்பர் 5, வெள்ளி

நிரந்தர ஆணை வந்துவிட்டது. 'நெருக்கடியான காலத்தில் காட்டிய முதிர்ச்சிக்காக' என்று பாராட்டும் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்ட அதே மேஜையில், அதே பேனாவில் அத்தான் விருப்ப ஓய்வில் கையெழுத்திட்டார். வரிசையில் எனக்கு முன்னால் நின்றிருந்தார். முடித்ததும் பேனாவை என்னிடம் நீட்டினார்.

டிசம்பர் 22

அத்திப்பள்ளியில் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்களாம். முனிசாமி மற்ற இடங்களிலும் விசாரித்துவிட்டார். அத்தான் காலையில் வழக்கமான நேரத்துக்கே எழுந்து ஷேவ் செய்கிறார். சிப்காட்டில் கேட் கேட்டாகப் போய்வருகிறார். இந்த மாத வாடகை என் சம்பளத்தில் போனது. அக்கா என்னோடு பேசுகிறாள், தேவைக்கு.

ஜனவரி 11, 2009, ஞாயிறு

மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பத்திரிகையிலிருந்து நிருபர் ஒருவர் என் செல்லுக்கு அழைத்தார். ஓசூர் ஆலைகளில் வேலை போனவர்களைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறாராம். எங்கள் கம்பெனியின் கருத்து வேண்டும் என்றார். மறுசீரமைப்பு பற்றிச் சொன்னேன். இப்போதெல்லாம் தாளைப் பார்க்காமலே வருகிறது.

"வேலைய விட்டவங்க ஒருத்தர்கிட்ட பேசணும் மேடம். உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா நம்பர் குடுங்களேன்."

அத்தான் எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்து ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"அப்படி யாரும் எனக்குத் தெரியலை சார்," என்றேன். "எல்லாரும் விருப்பப்பட்டுத்தான் போயிருக்காங்க."

லைன் சரியில்லை போலிருக்கிறது. திரும்பச் சொல்லச் சொன்னார். எனக்குச் சரியாகக் கேட்கட்டும் என்று, அத்தான் இடது கையை நீட்டி டிவி சத்தத்தைக் குறைத்தார்.

திரும்பச் சொன்னேன்.